மாமாவின் படகுக்கு ஒத்துவந்த கம்பி

எரிந்துபோன மின்விசிறிகளுக்குக் காயில் கட்டுவது அவர் தொழில். தெருவில் எல்லோருக்கும் அவர் காயில்காரர்தான். பிரித்தெடுத்த பழைய செம்புக் கம்பியை மற்ற கடைக்காரர்கள் எடைக்குப் போட்டுவிடுவார்கள். இவர் தடிமன் வாரியாகச் சுற்றி ஒரு மரப்பெட்டியில் வைத்துக்கொள்வார். ஓய்வு நேரத்தில் செய்யும் சின்னச் சின்னப் படகுகளுக்கு அது உதவும்.

இந்த முறை அவர் செய்தது, அக்கா வீட்டுக்காரர் துறைமுகத்தில் கப்பல்களை இழுக்க ஓட்டிய இழுவைப் படகு. மாமாவுக்கு இப்போது பார்வை இல்லை. "படகு எப்படி இருந்துச்சுன்னே மறந்துடும்போல இருக்கு மாப்ளே" என்று அவர் சொன்னது காயில்காரரை என்னவோ செய்துவிட்டது. இந்தப் படகைக் கண்ணால் யாரும் பார்க்கப்போவதில்லை. விரல்தான் பார்க்க வேண்டும்.

மரத்தில் உடல் நன்றாகவே வந்தது. தளத்தைச் சுற்றி வரும் கைப்பிடிக் கம்பிதான் படுத்தி எடுத்தது. இதற்கென்றே விற்கும் பித்தளைக் கம்பி யானை விலை. பற்றவைக்கும் ஈயக்கம்பி சொன்னபடி வளைந்தது. தொட்டால் தொட்டபடியும் வளைந்தது. அறுந்த கிட்டார் தந்தியோ எந்த வளைவுக்கும் வராமல் முறைத்துக்கொண்டு நின்றது. கடைசியில் தன் மரப்பெட்டிக்கே வந்தார். செம்புக் கம்பியின் ஒரு முனையை வைஸில் இறுக்கி, மறுமுனையைக் குறட்டால் பிடித்து லேசாக நீளும்வரை இழுத்தால், நூல் பிடித்ததுபோல் நேராகும், விறைப்பும் ஏறும். அப்படியே இழுத்தார். பிறகு மேலே இருந்த வார்னிஷ் போக நெருப்பில் காட்டி, படகில் பொருத்தினார்.

"கண்ணை மூடிட்டுத் தடவிப் பாருக்கா."

அக்கா தடவினாள். கம்பி அவள் விரலோடு போனது.

"என்னடா, துணி காயப்போட்ட கொடி மாதிரி தொய்யுது? உங்க மாமா கையைத் தெரியாதா? கதவைத் தட்டினாலே தாழ்ப்பாள் கழண்டுரும்."

காயில்காரர் தலையில் அடித்துக்கொண்டார். சூடு பட்டால் செம்பு இளகும் என்பது அவர் தினமும் பார்க்கிற சங்கதி. இழுத்து ஏற்றிய விறைப்பைத் தானே சுட்டு இறக்கியிருக்கிறார். வேறு கம்பி எடுத்தார். முதலில் சுட்டு, உப்புத்தாளால் தேய்த்து, அதன்பிறகு இழுத்தார். பற்றவைத்தால் மறுபடி சூடு படுமே என்று பயந்து, பசை வைத்தே ஒட்டினார்.

மாமா படகை மடியில் வாங்கிக்கொண்டார். முன்முனையிலிருந்து விரல் கிளம்பியது. கைப்பிடி அசையவில்லை. ஏணி, புகைபோக்கி, ஓட்டுநர் அறை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அறையின் திறந்த வாசலுக்குள் போன விரல்கள் எதையோ தேடி வெறும் காற்றைக் கிள்ளின.

"சங்குக் கயிறு எங்க மாப்ளே?"

"எது மாமா?"

"சங்கு ஊத இழுக்கிற கயிறு. தலைக்கு மேல, இடது பக்கம். அது இல்லாம கிளம்பினா எதிர்ல வர்றவன் மேல ஏத்த வேண்டியதுதான்!"

"அவ்வளவு சின்னது கைக்குத் தெரியாதுன்னு விட்டுட்டேன்."

"நான் கூப்பிட்டா காதுல விழாது" என்றாள் அக்கா. "சங்கு மட்டும் மறக்காது."

மாமா சிரித்தார். காயில்காரர் ஒரு பக்கம் கேட்காத தன் இயர்போன் ஒயரை உரித்து, மயிரிழைக் கம்பிகள் மூன்றைச் சேர்த்து முறுக்கினார். இதை இழுக்கவில்லை. கயிறென்றால் தொங்க வேண்டுமே.

"இன்னும் கொஞ்சம் முன்னால. ம்... அங்கதான்" என்று மாமாவின் விரல் இடம் காட்டியது.

பசை காயும்வரை மாமா பொறுக்கவில்லை. இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். கயிறு கையோடு வந்துவிட்டது.

"சொன்னேன்ல, உங்க மாமா கையை?" என்றாள் அக்கா.

காயில்காரர் அடுத்ததை முறுக்க ஆரம்பித்தார்.