பொட்டலில் ஒரு கறுப்புக் குடை

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு கறுப்புக் குடை தொங்குகிறது. வளைந்த மரக் கைப்பிடி. கம்பிகளில் ஒன்று கோணிப்போனதால் விரித்தால் ஒரு பக்கம் தோள் இறங்கி நிற்கும். அப்பா சவுதியிலிருந்து முதல்முறை ஊருக்கு வந்தபோது சின்னம்மாவுக்குக் கொடுத்தது. அவ்வப்போது தூசி துடைத்து அதே ஆணியில் மாட்டுவேன். விரிக்க மட்டும் மனம் வராது.

எங்கள் ஊர் இலுப்பூர்ப் பக்கம். எங்கள் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே வெறும் பொட்டல். செம்மண், சரளைக்கல், அங்கங்கே கருவேலம் புதர், நடுவில் ஓர் ஒற்றைப் பனை. வேறெதுவும் கண்ணை மறிக்காது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் என்ன காற்று, என்ன வானம் என்று வாய் பிளப்பார்கள். ஒரு வாரம் இருந்து பார்த்தால் தெரியும். மழை அடுத்த ஊரில் இறங்கி நம்மை நோக்கி வருவதை நின்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். அதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது. என் பயந்த சுபாவம் அந்த வானம் கொடுத்தது என்றால், வானத்தின் மேல் பழி போடாதே என்று என் மகள் சிரிக்கிறாள்.

அம்மா என்னைப் பெற்ற சில நாளில் போய்விட்டாள். அப்பா சவுதியில். எனக்கு இருந்தது அம்மாவின் தங்கையான சின்னம்மா மட்டும்தான். அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற வேலை அவளுக்கு. காலையில் பொட்டலைக் கடந்து போவாள், பிள்ளைகள் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்தபிறகு திரும்பி வருவாள். எனக்குப் பள்ளிக்கூடம் உள்ளூரில். விட்டதும் வீட்டுக்குப் போகாமல் நேரே களத்துமேட்டுக்குப் போய் நிற்பேன். பொட்டலின் அந்தக் கோடியில் கறுப்பாக ஒரு மிளகு தெரியும். அது மெல்லப் பெரிதாகிக் குடையாகும். குடைக்குக் கீழே சேலை தெரிந்தபிறகுதான் எனக்குப் பசிக்கவே தொடங்கும்.

மேகம் கூடினால் ஊரே குளிர்ந்துபோகும். வானம் பார்த்த பூமி, கடலை போட்டுவிட்டுக் காத்திருக்கிற சனம். அத்தனை பேருக்கும் நடுவில், மழை வரக்கூடாது என்று வேண்டிக்கொண்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். வெளியில் சொன்னால் அடி விழும். எங்கள் பொட்டலில் இடி விழுந்து ஆடுமாடு செத்திருக்கிறது, ஆளும் செத்திருக்கிறது. மழை பிடித்துக்கொண்டால் எல்லோரும் அந்த ஒற்றைப் பனையடியில்தான் ஒதுங்குவார்கள். பனை உயரமானது, இடியைத் தன் தலையில் வாங்கிக்கொண்டு கீழே நிற்பவரை விட்டுவிடும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. சின்னம்மாவும் அங்கேதான் ஒதுங்குவாள். எத்தனையோ முறை ஒதுங்கி, மழை விட்டபின் வந்திருக்கிறாள்.

அன்றைக்கு மேகம் கிழக்கே கறுத்துக் கிடந்தது. குடை தெரிந்தது, பனையை நெருங்கியது. அதற்குள் மழை திரையாக இறங்கி எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. கண்ணைக் குத்துகிற வெளிச்சம், கூடவே இடி. மழைக்குள் பனை உச்சி எரிவது தெரிந்தது. களத்துமேட்டில் சாக்கைத் தலையில் போட்டு நின்ற ஆண்கள் பனையை நோக்கி ஓடினார்கள். எனக்குக் கால் நகரவில்லை. அப்போதுதான் அந்தக் குடையைப் பார்த்தேன். விரித்தபடி, கீழே ஆளில்லாமல், காற்றில் உருண்டு உருண்டு பொட்டலில் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. இன்றும் எனக்குக் கனவென்று வந்தால் அதுதான் வருகிறது.

ஓடியவர்கள் பனையடியில் தேடிக்கொண்டிருக்க, சின்னம்மா களத்துமேட்டை ஒட்டிய ஓடைப் பள்ளத்திலிருந்து எனக்குப் பக்கத்தில் ஏறி வந்தாள், உடம்பெல்லாம் சேறாக. பனையில் ஒதுங்காமல் நடந்திருக்கிறாள். காற்று குடையைப் பிடுங்க, இடிச் சத்தத்தில் பள்ளத்தில் விழுந்திருக்கிறாள். நான் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு கத்தினேன். அவள் என் தலைக்கு மேலாகப் பொட்டலைப் பார்த்து, "ஒங்கப்பன் குடுத்த கொடை போச்சேடி" என்றாள்.

குடை மறுநாள் கருவேலம் புதரில் கிடைத்தது. குடைக் கம்பி இடியை இழுக்கும் என்று ஊரில் சொன்னார்கள். அதன்பிறகு மேகம் போட்ட நாளில் அவள் அதை விரிக்கவே இல்லை. வெயிலில் அவள் வருவது தெரியும். எந்த நாளில் எனக்கு உயிர் போகுமோ அந்த நாளில் பொட்டலில் ஒன்றுமே தெரியாது. எல்லாம் அவளுடைய பத்திரத்துக்குத்தான். ஆனால் அந்த வருஷங்களைப் போல நான் என்றைக்கும் பயந்ததில்லை.

இப்போது பொட்டலில் தார்ச்சாலை வந்துவிட்டது. உச்சி கருகிய மொட்டைப் பனைக்குப் பக்கத்தில் ஒரு வேம்பு வளர்ந்து நிற்கிறது. என் மகள் இலுப்பூரில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள், அந்தச் சாலையில்தான் ஸ்கூட்டியில் போய்வருகிறாள். அவள் எங்கே வருகிறாள் என்று என் போனில் ஒரு நீலப்புள்ளி காட்டும். இடி இடித்தால் போனை அணைத்துவிட வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுக்க, அவளும் அப்படியே செய்கிறாள். மேகம் கறுத்தால் புள்ளி நின்றுவிடும்.

போன வாரமும் நின்றது. நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன். பார்வை மங்கி, கம்பை ஊன்றி நடக்கிற சின்னம்மாவை நாற்காலியில் காணவில்லை. ஆணியில் குடையையும் காணவில்லை. களத்துமேட்டுக்கு ஓடினேன். தூறலில், அந்தக் கோணல் குடையைத் தலைக்கு மேல் விரித்துப் பிடித்துப் பொட்டலைப் பார்த்து நின்றாள்.

மடக்குங்க சின்னம்மா என்று கத்திக்கொண்டே குடையைப் பிடித்தேன். விடவில்லை.

"அன்னைக்கு நானும் பனைக்குத்தான் ஒதுங்கப் போனேன். நீ இந்த மேட்டுல நனைஞ்சுக்கிட்டு நிக்கிறது தெரிஞ்சுச்சு. புள்ள நிக்கிதேன்னு நடந்துட்டேன்" என்றாள். இத்தனை வருஷத்தில் இதை அவள் சொன்னதே இல்லை. "அங்கிட்டு வேம்பு நிக்கிது. இவளும் ஒதுங்கிறக் கூடாதுல்ல. நாம நிக்கிறது தெரியட்டும்."

அந்தத் தூரத்துக்கு என் மகளுக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது? கிழக்கே மின்னியது. குடையைப் பிடுங்கவும் முடியாமல், அவளை விட்டுவிட்டுப் போகவும் முடியாமல், கைப்பிடியில் அவள் கைக்கு மேலே என் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அந்தக் கோடியில் மிளகு அளவுக்கு ஒரு வெளிச்சம் தெரிந்தது.

"வாராளாடி?" என்றாள் சின்னம்மா.

வெளிச்சம் வேம்பை நெருங்கிக்கொண்டிருந்தது. நிற்கிறதா, வருகிறதா என்று தெரியவில்லை. வருகிறாள் என்று சொல்லிவிட்டு, குடையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன்.