குவாம் தீவின் ஆளுநரும் மெஹருன்னிசா ஆன்ட்டியும்

போன வாரம் அலுவலகத்தில் மீட்டிங்கில் இருந்தபோது இர்ஃபானிடமிருந்து போன் வந்தது. "அம்மா காலைல போயிட்டாங்க. மதியம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் இங்கேயே அடக்கம் பண்றோம்," என்றார். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. இங்கேயேவா?

மெஹருன்னிசா ஆன்ட்டியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சென்னைக் கல்லூரி ஒன்றில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமான பின், 2003-இல் கலிஃபோர்னியாவின் மில்பிடாஸில் மகன் இர்ஃபானின் வீட்டுக்கு வந்தார். எங்களுக்குப் பக்கத்து வீடு. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்கத் தனிமைதான். கார் ஓட்டத் தெரியாது. பேரன் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வான். "டிவியைத் தவிர எங்கிட்ட யாரும் நாலு வார்த்தை சேர்த்துப் பேசறதில்ல வசந்தி," என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும்.

சனிக்கிழமைகளில் அவரை நூலகத்துக்கு அழைத்துப் போவேன். ஸ்பெயின் தன் கடல்கடந்த ஆட்சியை இழந்தபோது அங்கங்கே பதவியில் இருந்த கடைசி ஆளுநர்களைப் பற்றியே படிப்பார். "போயும் போயும் இந்தத் தோத்தாங்குளிங்கதான் கெடச்சாங்களா ஆன்ட்டி?" என்று ஒருமுறை சீண்டினேன். குவாம் தீவின் கதையைச் சொன்னார். அமெரிக்காவுடன் போர் மூண்டதே அங்கிருந்த ஆளுநருக்குத் தெரியாதாம். அமெரிக்கக் கப்பல் சுட்டதும், மரியாதைக்குத்தான் வெடிக்கிறார்கள் என்று நினைத்து, பதிலுக்கு வெடிக்க மருந்தில்லையே என்று அவருடைய அதிகாரிகள் போய் வருத்தம் தெரிவித்தார்களாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "சிரிக்காதம்மா. அவருக்கு யாருமே சொல்லல, பாவம்," என்றார்.

"அடுத்த ரமலான் ராயப்பேட்டைல என் வீட்லதான்" என்று வருடாவருடம் சொல்வார். 2006-இல் இர்ஃபான் ஒரு விருந்து வைத்தார். தம்மை ஊருக்கு வழியனுப்பத்தான் இந்த விருந்து என்று நம்பி, காலையிலிருந்து நின்று தாமே பிரியாணிக்குத் தம் போட்டார் ஆன்ட்டி. பரிமாறும்போது விருந்தாளி ஒருவர், "கங்கிராட்ஸ் ஆன்ட்டி! சென்னை வீட்டை சேல் பண்ணியாச்சாமே! இனிமே பர்மனன்ட்டா இங்கதானா?" என்றார். வீடு மகன் பெயரில் இருந்தது. ஆன்ட்டி அவருக்கு நன்றி சொல்லி, இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தார்.

பிறகு சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஹவானாவுல கடைசியா இருந்தாரே, அந்த ஸ்பெயின் ஆளுநருக்குக் கொடிய எறக்கினதும் ஊருக்குப் போகக் கப்பலாவது இருந்துச்சு. எனக்கு?"

இர்ஃபான் கெட்டவர் இல்லை. அம்மா சென்னையில் தனியாகக் கிடக்கக் கூடாது என்றுதான் விற்றார். இங்கே தனியாகக் கிடந்ததுதான் அவர் கண்ணில் படவில்லை. ஆன்ட்டி அதன்பின் ஊர்ப் பேச்சையே எடுக்கவில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் கார்களுக்குத் திரும்பினார்கள். வேலிக்கு அப்பால் ஃப்ரீவே இரைந்துகொண்டிருந்தது. ஈர மண்ணருகே நான் மட்டும் நின்றேன். "போய்ட்டு வாங்க" என்று சொல்லித்தான் நமக்குப் பழக்கம். இந்த ஊருக்கு அவரை மறுபடி வரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"வீட்டுக்குப் போங்க ஆன்ட்டி," என்றேன்.