செலோ இறக்கி வைத்த முதலாளி

செலோ கிளிமென்ட் எங்கள் ஆலையில் தரை துடைக்கும் மாப்புக்குக் கம்பு சொருகத் தொடங்கி இருபத்தொன்பது வருடம் ஆகிறது. பக்கத்து மேஜையில் நூல் கட்டுகிறவள் நான். அவள் கையும் ஓயாது, வாயும் ஓயாது. புருஷன் விட்டுவிட்டுப் போன மறுநாள்கூட வேலைக்கு வந்தாள். நாங்கள் அழுத முகத்தோடு போய் நின்றபோது, "கம்புதான் போச்சு, வாளி என்கிட்டதான் இருக்கு" என்றாள்.

எங்கள் முதலாளி தோன் லெயாந்த்ரோ. ரொம்ப நல்லவர். அப்படி அவரே தினமும் சொல்வார். கல்யாணமோ சாவோ, முதல் ஆளாக வந்து நிற்பார். "நாம எல்லாம் ஒரே குடும்பம்" என்பார். அந்தக் குடும்பத்தில் யார் பெரியவர் என்பதை மட்டும் மறக்கவிட மாட்டார்.

அந்த ஜனவரியில் எங்கள் அடிமடியிலேயே கை வைத்தார். காலை ஒன்பதரைக்குச் சங்கு ஊதும். அரை மணி நேரம் எங்களுடையது. நீள மேஜை, முழங்கை நீளத்துக்கு ரொட்டி, உள்ளே முட்டையோ தொத்திறைச்சியோ, நடுவில் ஆலிவும் வேர்க்கடலையும். வெள்ளிக்கிழமை என்றால் ரம் ஊற்றிக் கொளுத்திய காபி. வலென்சியா பக்கத்தில் இதில் கைவைத்தவன் உருப்பட்டதில்லை. அவர் அரை மணியைப் பத்து நிமிடமாக்கி, மூலையில் ஒரு பிஸ்கட் இயந்திரத்தையும் நிறுத்தினார். முப்பத்தொரு பேரும் முணுமுணுத்தோம். எதிரே போய்க் கேட்க ஒருவருக்கும் துணிச்சலில்லை. எனக்கும்தான்.

செலோ எங்கள் தெருவின் ஃபாயாஸ் திருவிழாக் குழுவுக்குத் தலைவி. மார்ச்சில் தெருமுனைக்குத் தெருமுனை ஊர்ப் பெரியமனிதர்களைக் கிண்டல் செய்து பொம்மை நிறுத்துவோம், சூசையப்பர் திருநாளன்று கொளுத்துவோம். அந்த வருடம் அவள் தோன் லெயாந்த்ரோவையே செய்துவிட்டாள். ஒரு கையில் கடிகாரம். மறு கையால் ஒரு பெண்ணின் வாயிலிருந்து ரொட்டியைப் பிடுங்குகிறார். மூக்கு மட்டும் நிஜத்தைவிட இரண்டு மடங்கு.

மறுநாள் காலை அவளை அறைக்குக் கூப்பிட்டார். தொழிலாளர் பிரதிநிதி என்ற பேரில் நானும் கூடப் போனேன்.

"செலோ, மகளே, உன் பொண்ணு கல்யாணத்துக்கு நான் வரலையா?"

"வந்தீங்க. மூணு தட்டு சோறும் சாப்பிட்டீங்க."

"அந்தப் பொம்மை இன்னைக்கே எறங்கணும். இல்லேன்னா திருநாள் முடிஞ்சு நீ வேலைக்கு வரவேண்டாம்."

அவர் தலைக்கு மேல், கண்ணாடிச் சட்டத்துக்குள் பழைய புகைப்படம் ஒன்று தொங்கியது. செலோ அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது உங்க தாத்தாவக் கிண்டல் பண்ணி நிறுத்தின பொம்மைதானே?"

"ஆமா," அவர் குரலே மாறிவிட்டது. "ஊரே தெரண்டு வந்து பாத்துச்சாம்."

"சரிங்க. உங்கள எறக்கிடறேன்."

வெளியே வந்ததும் நான் வெடித்தேன். "தூ! உன்ன நம்பினோமே, எங்களச் சொல்லணும்! ஒரு மெரட்டலுக்கே கால்ல விழுந்துட்டியேடி!"

"கத்தாத நியேவெஸ். வந்து ஒரு கை பிடி, கனமா இருக்காரு."

இறக்கிய இடத்தில் எதிர்த்தெரு வாளி ஆலை முதலாளி பவுதிஸ்தாவின் பொம்மையை, தலையில் வாளி கவிழ்த்து நிறுத்தினாள். அதைப் பார்க்க பவுதிஸ்தா பேரப்பிள்ளைகள் புடைசூழ வந்தார். அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார், கட்டிப்பிடித்தார். குழுவுக்குப் பெரிய தட்டு நிறையப் பூசணிப் பணியாரம் அனுப்பினார். அவள் போட்ட கணக்கு எனக்கு அப்போதுதான் விளங்கியது. செலோவைத் திட்டியதற்கு வெட்கமாக இருந்தது.

அன்று மாலை எங்கள் முதலாளி சீட்டாடும் கிளப்பில் நடந்ததை, அங்கே பரிமாறுகிற என் தம்பி சொன்னான். "என்ன லெயாந்த்ரோ, உன்னக் கொளுத்தக்கூட ஆளில்லையா?" என்றாராம் மருந்துக்கடைக்காரர். மேஜையே சிரித்ததாம். வீட்டுக்குப் போனால் மனைவி, "தாத்தாவுக்கு இருந்த மரியாதை பேரனுக்கு இல்லையே" என்றாளாம்.

திருநாளுக்கு முந்தின நாள் பகலில் அவரே எங்கள் முனைக்கு வந்தார். செலோ குழுவுக்குச் சோறு வேகும் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள்.

"அந்த... என் பொம்மை எங்க?"

"கிடங்குல. பழைய கம்புக்கட்டுக்குப் பின்னால."

"நசுங்கிடாதா?"

"நீங்கதானே எறக்கச் சொன்னீங்க."

"அந்தப் பவுதிஸ்தாவத் தள்ளி வச்சிட்டு என்னைய நிறுத்து, செலோ."

"அவரு பணியாரம் அனுப்பினாரு. நீங்க என்ன அனுப்புவீங்க?"

"ஒரு முழுப் பன்னித்தொடை! நல்லா உப்புல ஊறினது!"

"அத எப்பங்க சாப்பிடறது? பத்து நிமிஷத்துலயா?"

சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்கப் பாடுபட்டார்கள். அவர் முகம் தக்காளியாகச் சிவந்தது.

"அரை மணி. என் வேலை. ரெண்டும் எழுத்துல வேணும்," என்றாள் செலோ.

நான் ஓடிப்போய்த் தாள் கொண்டுவந்தேன். வாழ்க்கையில் அப்படி ஓடியதில்லை. அவர் என் முதுகில் வைத்தே கையெழுத்துப் போட்டார். பிறகு கோட்டைக் கழற்றிவிட்டு, தன் பொம்மையின் கால்பக்கத்தைத் தானே தூக்கிவந்தார். நிறுத்திய பிறகு தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"மூக்கு பத்தாது, செலோ. தாத்தாவுது இன்னும் நீளம்."

அடுத்த நாள் அந்த மூக்கு முதலில் எரிந்தது. பொம்மையின் படம் மட்டும் அவர் அறையில் தாத்தா பக்கத்தில் தொங்குகிறது. கையெழுத்துத் தாளைச் சட்டம் போட்டு எங்கள் மேஜைக்கு மேலே மாட்டினோம்.

திருநாள் முடிந்து முதல் நாள், ஒன்பதரைக்குச் சங்கு ஊதியது. எல்லாரும் ரொட்டியைப் பிரித்தோம். செலோ மட்டும் தொடாமல், கையைக் கட்டிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொருவராக நாங்களும் நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தோம். முள் பத்து நிமிடத்தைத் தாண்டியது. சங்கு ஊதவில்லை.

"இப்ப சாப்பிடலாம்," என்று செலோ ரொட்டியை ஒரு கடி கடித்தாள்.