மீன்பெட்டி மூட்டை

கள்ளக்குறிச்சியை ஒட்டிய அந்தத் தெர்மாகோல் கம்பெனியில் ராதிகாவின் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பை முடித்த கையோடு பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தவள். பழைய தெர்மாகோலைத் திரும்ப வாங்கும் பிரிவு தொடங்கியதும் அதற்குப் பொறுப்பாளி ஆனாள். அப்புறம் கேட்கவா வேண்டும்! டிவி பெட்டியில் வந்தது, கடையில் கிடந்தது என்று ஊர் ஊராகப் போய் அள்ளிக்கொண்டு வந்தாள். மெஷின் அதை உருக்கிக் கட்டியாக்கும். அதிலிருந்து போட்டோ பிரேம் செய்வார்கள். கம்பெனி விறகுக் கொதிகலனைத் தூக்கிப் போட்டுவிட்டு கேஸுக்கு மாறியது. கூரை மேல் சோலார் ஏறியது. புகை நன்றாகவே குறைந்தது. அதெல்லாம் நிஜம்தான், பொய்யில்லை.

ஒரு நாள் சங்கராபுரம் பக்கம் ஒரு தெருவில், கூலி வேலைக்குப் போகிற ராஜாம்பாள் தெர்மாகோலைக் கிள்ளிப் போட்டு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். ராதிகா வண்டியை நிறுத்தினாள்.

"இன்னாக்கா, அறிவுகிறிவு இருக்குதா உனக்கு? அந்தப் பொகை வெசம். புள்ளைங்க இருக்கிற வூட்ல இத்த போய் கொளுத்திக்கினு கீற!"

தெருவே வேடிக்கை பார்த்தது. ராஜாம்பாள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

இனி மூட்டைக் கதைக்கு வருவோம். மீன் வந்த தெர்மாகோல் பெட்டிகள் என்றாலே ராதிகாவுக்குத் தலைவலி. கழுவிக் காயவைத்துத்தான் மெஷினில் போட முடியும். அடைமழையில் எங்கே காயும்? ஷெட்டில் நாறிக் கிடந்தது. அதே மழையில் அவள் அண்ணன் சடையனின் வெல்லக் கொட்டகையில் கரும்புச் சக்கை நனைந்து, அடுப்பு பிடிக்காமல் மனுஷன் திண்டாடினான். அப்பா போன பிறகு அவளைப் படிக்கவைத்தவன் அவன். "பத்தவைக்க ரெண்டு மூட்டை குடு" என்றான். கொடுத்தாள். பற்றவைக்க மட்டும்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். மழை நின்றது, மூட்டை நிற்கவில்லை. இருட்டிய பிறகு, ஆளில்லாத நேரம் பார்த்து அவளே கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தாள்.

பொங்கலுக்கு முன்னால் கம்பெனியில் விழா. "நம்ம கிட்ட வந்த தெர்மாகோல்ல ஒரு துண்டுகூட நெருப்புக்குப் போகல. அதுக்குக் காரணம் ராதிகா" என்று முதலாளி மைக்கில் சொல்லிச் சால்வை போர்த்தினார். கைதட்டல் கேட்டு அவளுக்கு உடம்பே கூசியது. எதிரே இருந்த முகங்களைப் பார்க்க முடியவில்லை. சீ, என்ன பிழைப்பு இது! சால்வையைப் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே வந்தால், கேட்டருகே ராஜாம்பாள். கையில் சாக்கு நிறையத் தெர்மாகோல். கண் இரண்டும் சிவந்து கிடந்தன.

"நீங்க சொன்னதுலேர்ந்து வூட்ல கொளுத்தறதில்லம்மா. கட்டிலுக்கடியில சேத்து வச்சி எடுத்தாந்துட்டேன்."

"கண்ணுல இன்னாக்கா ஆச்சி?"

"வெல்லக் கொட்டாய்ல அடுப்புக்குச் சக்கை தள்ற வேலைம்மா. சடையன்னு ஒருத்தரு. மூட்டை மூட்டையா இத்தத்தான் போடச் சொல்றாரு. மீன் நாத்தமும் பொகையும் கொடலைப் புடுங்குது. நான் சொன்னா கேப்பாரா? நீங்க ஒருவாட்டி வந்து திட்டுங்கம்மா. என்னைத் திட்டினீங்களே, அந்த மாதிரி."

ராதிகா வண்டியருகே நகர்ந்தாள். வேலை இருக்கிறது, நாளைக்கு வருகிறேன் என்று தப்பியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் அந்த அம்மாள் முந்தானையால் வண்டியின் பின்சீட்டைத் துடைத்துவிட்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

வழியெல்லாம் ராஜாம்பாள் பேசிக்கொண்டே வந்தாள். சடையனுக்குத் தங்கச்சி இவள்தான் என்று பாவம் அவளுக்குத் தெரியாது. அண்ணன் கொட்டகையில் இருக்கவே கூடாது சாமி என்று ராதிகா வேண்டிக்கொண்டாள். இருந்தான். வாசலிலேயே நின்றான்.

"வா தங்கச்சி! இன்னா, கையை வீசிக்கினு வர்ற? மூட்டை எங்க?"

பின்சீட்டில் பேச்சு நின்றது. ராஜாம்பாள் மெதுவாக இறங்கினாள்.

"இனிமே தர மாட்டேண்ணா. தப்பு" என்றாள் ராதிகா. ராஜாம்பாள் பக்கம் திரும்பி, "நான்தான்க்கா குடுத்தேன்" என்றாள்.

ராஜாம்பாள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது ராதிகாவுக்கு.

"அப்ப என்னை மட்டும் ஏம்மா தெருவுல நிக்க வச்சித் திட்டினீங்க?"

ராஜாம்பாள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அடுப்பு அணைந்துவிடும் என்று உள்ளே போனாள்.