அக்கா கெடுத்த பாகு

எங்கள் வீட்டுக்குப் பண்டிகை டீத்தூள் பெட்டியில்தான் வரும். நைனா செஞ்சி கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் கட்டும் வேலை பார்த்தார். டீத்தூள் வருகிற பலகைப் பெட்டியின் உள்பக்கம் வெள்ளித்தாள் ஒட்டியிருக்கும். பெட்டி காலியானால் பலகை முதலாளிக்கு, தாள் நைனாவுக்கு. கிழியாமல் உரித்து, சுருட்டி, கக்கத்தில் வைத்துக்கொண்டு வருவார். அதை நட்சத்திரமாகவும் கிளியாகவும் வெட்டி, புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சிய பசையால் சுவரில் ஒட்டுவோம். சுண்ணாம்பில் கொஞ்சம் சலவை நீலம் கலந்து அடித்த சுவர். அகல் ஏற்றினால் வானம் மாதிரி மினுக்கும்.

வெட்டுகிற வேலை அக்காவுடையது. அதிரசமும் அவளுடையதுதான். அம்மாவுக்கு முறுக்கு வரும், அதிரசம் வராது. வெல்லப்பாகின் பதம் அக்காவுக்குத்தான் தெரியும். சின்ன வயசிலிருந்தே அப்படி. பக்கத்து வீடுகளில் பாகு காய்ச்சினால்கூட அக்காவைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள்.

அந்த வருஷம் அக்காவுக்குத் தலை தீபாவளி. ஆவணியில் கல்யாணம் ஆகியிருந்தது. திண்டிவனத்தில் தானிய மண்டி வைத்திருக்கிற வீடு. இவ்வளவு பெரிய இடம் எப்படி அமைந்தது என்று தெருவே கேட்டது. நைனா தலையைக் குனிந்துகொண்டு போவார். குனிந்த முகத்தில் சிரிப்பு இருக்கும்.

அரிசி கிடைக்காத காலம் அது. ரேஷன் கடையில் காலையில் போய் நின்றால் வெயில் ஏறித்தான் வரலாம். வந்தாலும் பை நிறையாது. அம்மா அதற்கெல்லாம் அசரமாட்டாள். அறுவடை முடிந்த கொல்லைகளில் என்னைக் கூட்டிக்கொண்டு போய் மண்ணைக் கிளறி மல்லாட்டை, வேர்க்கடலைதான், பொறுக்கினாள். வறுத்து, தோல் ஊதி, வெல்லத்தில் உருட்டினால் அது ஒரு பலகாரம். முறுக்குக்குக் கோதுமை மாவு. அதிரசத்துக்குப் பாதி பச்சரிசி, பாதி கேழ்வரகு.

"வெல்லமும் கறுப்பு, கேவுரும் கறுப்பு. எவளுக்குத் தெரியப்போவுது?" என்றாள் அம்மா.

தீபாவளிக்கு முந்தின நாள் அக்காவும் மாமாவும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மாமாவுக்கென்று எதிர்வீட்டிலிருந்து நாற்காலி வாங்கிப் போட்டிருந்தோம். அவர் அதில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். அக்கா இல்லாததால் அந்த முறை நட்சத்திரங்களை நான்தான் வெட்டியிருந்தேன். ஒன்றுக்கும் கால் சரியாக இல்லை.

"கடையில வாங்கினதா?" என்று கேட்டார்.

"இல்லீங்க மாப்ள. வீட்லயே வெட்டினது" என்றார் நைனா.

மாமா "ம்" என்றார். அதற்குப் பிறகு சுவரைப் பார்க்கவில்லை.

தீபாவளி நல்லபடியாகத்தான் போனது. மறுநாள் காலையில் மாமா கிளம்பிவிட்டார். மண்டியைத் திறக்க வேண்டுமாம். செருப்பைப் போட்டுக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்.

"பலகாரத்தோட அனுப்பி வைங்க. கூடையில அதிரசம் இல்லாம வந்தா எங்கம்மா வாசப்படி ஏத்தமாட்டாங்க."

அது அவர் வீட்டு வழக்கம் மட்டும் இல்லை. எங்கள் பக்கம் எல்லோருக்கும் அதுதான். தலை தீபாவளிக்கு வந்த பெண் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. கூடையில் எது குறைந்தாலும் அதிரசம் குறையக் கூடாது. செவ்வாய், வெள்ளியில் பெண்ணை அனுப்பவும் கூடாது.

"அதுக்கென்ன, அவளே சுடுவா. ரெண்டு மூணு நாள்ல மாவு புளிச்சிடும், வந்து கூட்டிக்கினு போங்க" என்றாள் அம்மா.

அன்று அக்கா பகலெல்லாம் தூங்கினாள். பக்கத்தில் உரல் இடித்தாலும் எழவில்லை. புரண்டு படுத்தபோது வளையலுக்கு மேலே, முழங்கையின் உள்பக்கம், தோல் வழன்று சிவந்திருந்ததைப் பார்த்தேன். எழுந்ததும் கேட்டேன்.

"பால் கொட்டிச்சிடி" என்றாள்.

சாயங்காலம் அம்மா கேட்டபோது எண்ணெய் தெறித்தது என்றாள். பெரிய வீடு, நிறைய சமையல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு வாழைச்சாறு தடவிவிட்டாள்.

அரிசி ஊறவைத்து, துணியில் உலர்த்தி, ஈரம் போகுமுன் நானும் அம்மாவும் உரலில் இடித்தோம். அக்கா பாகு காய்ச்சினாள். மாவைக் கொட்டிக் கிளறி, பானையில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்தாள். புளித்த பிறகு எடுத்து, பூவரசம் இலையில் தட்டி எண்ணெயில் போட்டால், அதிரசம் உப்பவில்லை. பிரிந்து, கரைந்து, சட்டி முழுக்கக் கசண்டாக மிதந்தது. பாகு இளசு. மாவு சேர்த்தால் சரியாகும். சேர்க்க மாவு ஏது?

"பெரிய வீட்டுக்குப் போனதும் உனக்குக் கை மறந்துபூடுச்சி" என்று நான் சிரித்தேன்.

"ஆமாண்டி" என்று அக்காவும் சிரித்தாள்.

அம்மா சத்தம் போட்டாள். எண்ணெய் போச்சு, வெல்லம் போச்சு என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள். நைனா திண்டிவனம் பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினார். பலகாரம் ஆகவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்று.

கரைந்த கசண்டை அள்ளி வடிகட்டி, நானும் அக்காவும் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து தின்றோம். நன்றாகத்தான் இருந்தது. அந்த வாரம் அக்கா என் நட்சத்திரங்களையெல்லாம் சுவரிலிருந்து உரித்து, கால் சரியாக வெட்டி, மறுபடி ஒட்டினாள். தீபாவளி முடிந்த பிறகு எதற்கு என்று கேட்டேன். பொங்கலுக்கு இருக்கட்டுமே என்றாள். பொங்கலுக்கு ரொம்ப நாள் இருந்தது.

நைனா கடையில் கேட்டு மறுபடி வெல்லம் கொண்டுவந்தார். அம்மா யார் யார் வீட்டிலோ அரிசி புரட்டினாள். அக்கா மறுபடி பாகு காய்ச்சினாள். இந்த முறை முறுகவிட்டாள். அதிரசம் எண்ணெயில் போட்டதும் கெட்டியாகி அடியில் உட்கார்ந்துகொண்டது. நைனா ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்து, கையில் வைத்து எடை பார்த்தார்.

"கோட்டை மேல பீரங்கி சும்மாதான கெடக்குது. அதுக்கு ஆவும்" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் நைனாவுக்கு அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. தெருக்குழாயடியில் பேச ஆரம்பித்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி எங்கள் வாசலில் நின்று நேராகவே கேட்டாள்.

"இன்னாக்கா, தலை தீவாளிக்கு வந்த பொண்ணு இன்னும் போவலையா? அங்க எதுனா வம்பா?"

"வம்புமில்ல கிம்புமில்ல. பலகாரம் வரல, அவ்ளோதான்" என்றாள் அம்மா.

"உம் பொண்ணுக்கா வரல?"

"அடுப்புச் சரியில்ல."

அடுப்பு என்றும் இருக்கிற அடுப்புதான். அம்மா ஏன் பொய் சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அக்காவின் மானத்தைக் காப்பாற்றுகிறாள் என்று நினைத்தேன். அது பாதி சரி.

திண்டிவனத்திலிருந்து பதில் வந்தது. அதிரசம் சுடத் தெரியாத பெண் என்று எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று மாமாவின் அம்மா சொன்னார்களாம். கண்டக்டர் அதை நைனாவிடம் கடையில் நாலு பேர் எதிரில் சொல்லிவிட்டார். அன்று நைனா சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் வெல்ல உருண்டைகளை அம்மா முன்னால் வைத்தார்.

"இதான் கடைசி. இனிமே மொதலாளி மூஞ்சில முழிக்க முடியாது. இது கெட்டுதுன்னா, அந்த வீட்ல எம் பொண்ணுக்கு இன்னா மரியாத இருக்கும்?"

அம்மா அக்காவைப் பார்த்தாள். அக்கா தரையைப் பார்த்தாள்.

"நீயே காய்ச்சு" என்றாள் அம்மா. பையை எடுத்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போய்விட்டாள். பதம் கெட்டுக்கொண்டே வருகிறது, இதுதான் கடைசி வெல்லம், அம்மா பக்கத்தில் நின்று பார்க்கவேண்டாமா? எனக்கு அம்மா மேல் கோபம் வந்தது.

அம்மா மறுபடி அரிசி புரட்டி இடித்துவைத்திருந்த மாவை அக்கா சலித்து வைத்தாள். வெல்லத்தை உடைத்துச் சட்டியில் போட்டாள். அடுப்பைப் பற்றவைக்கவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு, "தண்ணி கொண்டாறேன்" என்று போனாள். வீட்டில் தண்ணீர் இருந்தது. நான் சொல்வதற்குள் போய்விட்டாள்.

நான் சட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நைனா சொன்னது காதிலேயே இருந்தது. அக்காவுக்குக் கை வரவில்லை. மூன்றாவது முறையும் கெடுப்பாள். அந்த மாமியார் வாசலில் நிறுத்திவைத்துப் பேசுவாள். எனக்கு அழுகை வந்தது. எழுந்து அடுப்பைப் பற்றவைத்தேன்.

நான் அதுவரை பாகு காய்ச்சியதில்லை. பள்ளிக்கூடத்தை நிறுத்தி ஒரு வருஷம் ஆகியிருந்தது. சோறு வடிப்பேன், களி கிண்டுவேன். அவ்வளவுதான். ஆனால் இளசு எப்படி இருக்கும் என்று பார்த்திருந்தேன். முறுகினது எப்படி இருக்கும் என்றும் பார்த்திருந்தேன். இரண்டுக்கும் நடுவில் நிறுத்தவேண்டும். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டேன், கரைந்தது. இன்னும் கொஞ்சம் கொதித்ததும் மறுபடி ஒரு சொட்டு விட்டேன், விரலால் கூட்டினால் உருண்டு வந்தது. தட்டில் போட்டால் சத்தம் வரவில்லை, அப்படியென்றால் முறுகவில்லை. இறக்கி, மாவைக் கொட்டிக் கிளறினேன். கை சுட்டது. விடவில்லை.

அக்கா வந்தபோது பானையில் மாவு இருந்தது. குடத்தை இறக்காமலே நின்று பார்த்தாள். பிறகு இறக்கிவைத்துவிட்டு மாவில் விரலை அழுத்தினாள். பள்ளம் விழுந்து மெதுவாக மேலே வந்தது. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நல்லா இல்லியாக்கா?"

"நல்லாருக்குது."

"நெஜமா?"

"நெஜமாதாண்டி. என்ன விட நல்லாருக்குது."

பானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தாள். எதையோ யோசிக்கிற மாதிரி. அதற்குள் நைனா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார். ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டார். விரலில் உருட்டிப் பார்த்தார். அவர் முகம் அந்த அளவுக்கு மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"அட, சின்னதுக்குக் கை வந்துடுச்சே!" என்றார். சாப்பிடாமலே எழுந்து பஸ் நிற்கிற இடத்துக்கு ஓடினார், திண்டிவனத்துக்குச் சொல்லி அனுப்ப.

அம்மா வெயிலில் நின்று களைத்து வந்தாள். நான் ஓடிப்போய்ச் சொன்னேன். பையைக் கீழே போட்டுவிட்டு என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"யாருடி உன்னப் பண்ணச் சொன்னது? யாருடி கேட்டா உன்ன?"

அடுப்பைத் தனியாகத் தொட்டதற்கு அடிக்கிறாள் என்று நினைத்தேன். அக்காதான் வந்து என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"உடும்மா. அதுக்கு இன்னா தெரியும்?"

"எனக்குத் தெரியும். தெரிஞ்சதாலதான் பாகு வந்துச்சி" என்று அழுதுகொண்டே சொன்னேன்.

அந்த அதிரசம் எல்லாம் உப்பியது. ஒன்றுகூடப் பிரியவில்லை. அக்காவே சுட்டாள், அக்காவே கூடையில் அடுக்கினாள். அதன் மேல் நைனா வெள்ளித்தாள் போர்த்திக் கட்டினார். மாமா புதன்கிழமை வந்தார். ஒன்றை எடுத்துப் பிட்டுப் பார்த்துவிட்டு, கூடையைத் தூக்கச் சொன்னார்.

அக்கா அந்த வீட்டில்தான் கடைசிவரை இருந்தாள். பிள்ளை பெற்றாள், பேரன் பார்த்தாள். எங்கள் வீட்டுக்கு வந்தால் அன்றைக்கே திரும்பிவிடுவாள். அங்கே என்ன நடந்தது என்று ஒரு நாளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தபோது அவளுக்கும் எனக்கும் வயசாகிவிட்டிருந்தது. அம்மாவும் நைனாவும் அதைப் பற்றிப் பேசாமலே போய்ச்சேர்ந்தார்கள்.

அன்று பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மாமா முன்னால் போய்க் கூடைக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தார். நைனா கண்டக்டரிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் கீழே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அக்கா குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"ஏண்டி, உனக்குப் பாகு எப்பிடிடி தெரிஞ்சிச்சி? யாரு காமிச்சா?"

"நீதாங்க்கா. ரெண்டு தபா கெடுத்துக் காமிச்சியே."

அக்கா சிரித்தாள். அடக்கமுடியாமல் சிரித்தாள். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முந்தானையால் வாயைப் பொத்தினாள், அதற்கும் நிற்காமல் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். பஸ் கிளம்பிப் போகிறவரை அப்படியே இருந்தாள். நானும் சிரித்துக்கொண்டே கையாட்டினேன்.

அவ்வளவு சிரிக்கிற மாதிரி பேசிவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை. வீட்டுக்கு வருகிற வழியில் நைனாவிடமும் அதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. காதில் விழவில்லை போல என்று நினைத்து, இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன்.