தகட்டுக் கண்ணில் தூசி

நசரத்பேட்டை தாண்டி ஒரு அம்மன் கோயில். நேர்ந்துகொண்டு வருகிறவர்களுக்காகக் கண், கை, கால் என்று தகட்டில் அச்சடித்த உறுப்புகளை அதன் வாசலில் விற்றுக்கொண்டிருந்தார் அந்த அம்மா. கனத்த உடம்பு. நெற்றியில் நாலணா அகலத்துக்குக் குங்குமம். பெங்களூர் ரோட்டில் லாரி போகும்போதெல்லாம் முந்தானையை விரித்துத் தகட்டுக் கண்களை மட்டும் மூடுவார். கைகால்கள் தூசியில் கிடக்கும்.

எண்பதுகளில் ஓர் ஆடி மாதம். என் மனைவிக்கு இதய வால்வில் கோளாறு என்று டாக்டர் சொல்லியிருந்த சமயம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு முடித்த கையோடு சைக்கிளில் அங்கே போனேன்.

“நெஞ்சு இருக்காம்மா?”

“நெஞ்சு மட்டும் தனியா வர்றதில்ல நைனா. முழு ஆளு கீது, எட்த்துக்கோ.”

பெண் உருவம் ஒன்றை வாங்கினேன். எந்த இடத்தில் நோய் என்று அம்மனுக்கு எப்படித் தெரியும் என்று கவலையாகிவிட்டது. சைக்கிள் சாவியால் அதன் மார்பில் ஒரு கோடு போடப் போனேன். அவர் வெடுக்கென்று என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“இன்னா பண்ற நீ? நோவுற எடத்துலயே கீறுவியா?”

தன் நெற்றிக் குங்குமத்தை விரலால் தொட்டு, தகட்டின் நெஞ்சில் மெல்ல ஒரு பொட்டு வைத்தார். “இப்போ ஆத்தாவுக்குத் தெரியும். இட்டுகினு போ.” ஆளை அழைத்துப் போகச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில், டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டி, ஆபரேஷன் செய்யவேண்டிய இடத்தைப் பேனாவால் அழுத்தி வட்டமிட ஆரம்பித்தார். பக்கத்தில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். என் கை தானாக எழுந்து டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது.