தண்டனையைக் கேட்க ஆள் இல்லை

போன வாரம் எங்கள் வீட்டுக் குப்பைத் தொட்டியின் கைப்பிடியில் ஓர் அட்டை தொங்கியது. அட்டையில் ஒரு சோக முகம். மெல்பர்னில் நாங்கள் இருக்கும் பகுதியில் மஞ்சள் மூடித் தொட்டிக்குள் மறுசுழற்சிக்குப் போகிற பொருளை மட்டும்தான் போட வேண்டும். நான் காலி அரிசிச் சாக்கைப் போட்டிருந்தேன். கவுன்சிலில் இருந்து ஓர் ஆள் வந்து, மூடியைத் திறந்து, கிளறி, சாக்கைக் கண்டுபிடித்து, இன்னொரு முறை செய்தால் தொட்டியை எடுக்க மாட்டோம் என்று எழுதி மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். வந்த புதிதில் என்றால் பயந்திருப்பேன். இப்போது வந்தது கோபம். அட்டையைக் கிழித்தேன். கிழித்த பிறகு அதை எந்தத் தொட்டியில் போடுவது என்று யோசித்து நின்றேன் பாருங்கள், அந்த அளவுக்கு இந்த ஊர் என்னைப் பழக்கி வைத்திருக்கிறது. என் அரிசிச் சாக்கைத் தேடிப் பிடிக்கத் தெரிந்த ஊர் இது. என் அம்மாவைக் கொன்றவன் நாலு தெரு தள்ளி, பேரக் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு பூங்காவில் காற்று வாங்குவதைப் பற்றி இதற்கு ஒரு கவலையும் இல்லை.

அம்மா மீன் விற்றவள். சாந்தோமுக்குப் பின்னால், நொச்சிக்குப்பத்துக் கரையோரமாகப் போகும் லூப் ரோட்டில்தான் அவளுடைய இடம். என் அப்பா, நைனா, கட்டுமரத்தில் போய், பிறகு ஃபைபர் படகில் போய்ப் பிடித்து வந்ததை அம்மா அங்கேயே பலகை போட்டு விற்பாள். மயிலாப்பூரில் பாதிப் பேர் எங்கள் அம்மாவிடம் பேரம் பேசித் தோற்றவர்கள்தான். என்னை நர்ஸிங் படிக்க வைத்ததும், இந்த நாட்டுக்கு அனுப்பியதும் அந்தப் பலகைதான். எனக்கு முதல் பிரசவம் என்றதும், வாழ்நாளில் செங்கல்பட்டைத் தாண்டாதவள், பாஸ்போர்ட் எடுத்தாள். விசாவும் வந்துவிட்டது. கருவாட்டை விமானத்தில் விடுவார்களா, விடமாட்டார்களா என்று தினமும் ஃபோனில் என்னோடு சண்டை. "உடமாட்டாங்களா? இன்னாடி ஊரு அது? புள்ள பெத்தவளுக்குக் கருவாடு குடுக்காம இன்னாத்த குடுப்பாங்க?" என்பாள்.

அவள் விமானம் ஏறவில்லை. ஒரு விடியற்காலையில், படகுகள் கரைக்கு வந்துகொண்டிருந்த நேரத்தில், ஈ.சி.ஆர். பக்கம் ஏதோ விருந்து முடிந்து திரும்பிய ஒரு பெரிய கார், பலகையோடு சேர்த்து அவளை அடித்துவிட்டுப் போய் மணலில் நின்றது. ஓட்டியவன் தியாகராய நகரில் நகைக்கடை வைத்திருப்பவன். பெயர் எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். 'அவன்' என்று எழுதாமல் 'அவர்' என்று மரியாதையாக எழுது என்று என் வீட்டுக்காரர் சொன்னார். மன்னிக்க வேண்டும், அது என்னால் ஆகாது.

பத்து மணிக்குள் அவனுடைய டிரைவர் ஸ்டேஷனுக்கு வந்து, நான்தான் ஓட்டினேன் என்று கையைக் கட்டி நின்றான். ஊரில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. முதலாளி செய்ததற்குத் தொழிலாளி ஜெயிலுக்குப் போவதும் சம்பளத்தில் சேர்த்திதான் அங்கே. ஆனால் அன்றைக்குக் கரையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் ஓட்டுநர் இருக்கையில் இருந்து இறங்கியது யார் என்று பார்த்திருந்தார்கள். வருஷக்கணக்கில், வியாபாரத்தைப் போட்டுவிட்டுக் கோர்ட்டுக்கு வந்து ஒரே மாதிரி சொன்னார்கள். அம்மாவுக்குப் பக்கத்துப் பலகைக்காரி தெரேசா அத்தை கூண்டில் நின்றபோது, எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: வண்டி போகிற ரோட்டில் உட்கார்ந்து மீன் விற்பது தப்பில்லையா?

"ரோடுதான்யா எங்க வூட்டாண்ட வந்துச்சு," என்றாள் அத்தை. "நாங்க எங்க ரோட்டாண்ட போனோம்? எங்க பாட்டன் காலத்துல அங்க மணலுதான் கெடந்துச்சு."

வழக்கு இழுத்துக்கொண்டே போனது. ஜாமீனில் வெளியே இருந்தவனுடைய பாஸ்போர்ட் கோர்ட்டில் இருந்தது. அப்போதுதான் அவனுடைய மனைவி குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பூ, பழம். அவர்களுடைய ஒரே மகளும் இதே மெல்பர்னில்தான் இருக்கிறாளாம். தலைப்பிரசவமாம். தாய்க்காரி இவளுக்குச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, தனியாக விமானம் ஏற முடியாதாம். அவரும் கூட வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார், நீங்கள் கோர்ட்டில் ஆட்சேபணை சொல்லாமல் இருந்தால் போதும் என்று நைனாவின் காலில் விழப் போயிருக்கிறாள்.

எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைத்தாச்சி பெயரைச் சொல்லி யார் வந்து கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. பகையாளி வீட்டுப் பெண்ணாக இருந்தாலும், வலையில் விழுந்த நல்ல மீனை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் சண்டையைத் தொடருவார்கள். நைனா தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். ஆட்சேபணை இல்லை என்று கோர்ட்டில் சொல்லவும் சொன்னார்.

செய்தி கேட்டு நான் ஃபோனில் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி, ஆர் யூ ஓகே லவ் என்று வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். நைனா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"நீ அங்க தனியா கெடந்து பெத்தியேம்மா. ஒத்தாசைக்கு ஒரு பொம்பள இல்லாம அழுதுகினே ஃபோன் பண்ண. அதான் கண்ணு முன்னால வந்து நிக்கிது. அந்தப் பொண்ணு இன்னா பாவம் பண்ணுச்சு, சொல்லு."

நான் தனியாகப் பெற்றதற்குக் காரணமே அவன்தான். என் அழுகையை வைத்தே அவன் தன் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிவிட்டான். இதற்கு மேல் ஒரு மனிதன் இன்னொரு குடும்பத்தைச் சுரண்ட முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

அவன் போனான். சொன்னபடி திரும்பியும் வந்தான். அதுதான் சாமர்த்தியம். பார்த்தாயா, வந்துவிட்டான் இல்லையா என்று நைனாவே என்னிடம் பெருமையாகச் சொன்னார். திரும்பி வந்தவன் பாஸ்போர்ட்டைத் திரும்ப ஒப்படைத்தானா என்று கேட்பதற்கு மட்டும் அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

தீர்ப்புக்கு நான் லீவு போட்டு ஊருக்குப் போனேன். வெள்ளிக்கிழமை. குற்றவாளி என்று நீதிபதி சொன்னார். தண்டனை எவ்வளவு என்பது திங்கட்கிழமை. அவன் எங்கள் பக்கம் நிமிர்ந்தே பார்க்கவில்லை. வழக்கு நடந்த காலம் முழுக்க ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அன்று குப்பத்தில் வெடி போட்டார்கள். தெரேசா அத்தை வஞ்சிரம் வறுத்து எல்லார் வீட்டுக்கும் கொடுத்தாள். மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினோம். அதே நேரத்தில் அவனுக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது. ஏழைக்கு வந்தால் வாயுப்பிடிப்பு, பணக்காரனுக்கு, அதுவும் தீர்ப்பு அன்றைக்கு வந்தால், தனியார் ஆஸ்பத்திரியில் தனி அறை. வாசலில் காவல் இருந்ததாம். காவலுக்கு இருந்தவர் டீ குடிக்கப் போனாராம். திங்கட்கிழமை கோர்ட்டில் நாங்கள் எல்லாரும் நல்ல துணி உடுத்தி உட்கார்ந்திருக்க, கட்டில் காலியாக இருக்கிறது என்று வந்து சொன்னார்கள். விமான நிலையத்துக்குத் தகவல் போய்ச் சேர்வதற்குள் விமானம் போய்விட்டது. ஆள் முன்னால் இல்லாமல் தண்டனை சொல்ல முடியாது என்று எங்கள் வக்கீல் விளக்கினார். குற்றவாளி என்பது முடிவாகிவிட்டது. தண்டனை மட்டும் இல்லை.

நைனா அந்தத் தாம்பாளத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார். எங்கே போய்க் கொடுப்பது? அவர்கள் வீட்டில் பூட்டு தொங்கியது.

நான் திரும்பி வந்து சில மாதம் கழித்து ஒரு மாலை, ஷிஃப்ட் முடிந்து வரும்போது பூங்காவில் அவனைப் பார்த்தேன். கொஞ்சம் இளைத்திருந்தான். தலையில் இந்த ஊர்க் கிரிக்கெட் தொப்பி. தமிழ் முகத்தைப் பார்த்ததும் புலம்பெயர்ந்தவர்களுக்கு வருகிற அந்தச் சந்தோஷம் அவன் முகத்திலும் வந்தது.

"தமிழாம்மா? நமக்கு மெட்ராஸ். நீங்க எந்தப் பக்கம்?"

மயிலாப்பூர் என்றேன்.

"அடடே, கோயில் பக்கமா? இங்க வந்து பேச்சுத் துணைக்கு ஆளே இல்லம்மா. சாயங்காலம் டெய்லி இங்கதான் இருப்பேன். வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க."

குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. என் மகனுக்கு ஒரு தம்பி பிறந்திருந்தால் இருக்கிற வயது. அதன் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அவன் கையைப் பார்த்தேன். அந்தக் கைதான் அன்றைக்கு ஸ்டீயரிங்கில் இருந்தது. நான் நர்ஸ். கைகளைத் தினமும் பார்க்கிறவள். அப்படி ஒரு வெறி எனக்கு எந்தக் கையைப் பார்த்தும் வந்ததில்லை.

மறுநாள் இங்குள்ள போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். இளம் அதிகாரி, நல்ல மனிதர், தண்ணீர் கொடுத்தார். இந்த ஆள் என் அம்மாவைக் கொன்றவன், பூங்காவில் இருக்கிறான் என்று சொன்னதும் எழுந்தே நின்றுவிட்டார். எப்போது என்றார். சில வருஷம் முன்னால், சென்னையில் என்றேன். மெதுவாக உட்கார்ந்தார். ஆர் யூ சேஃப், உன்னை மிரட்டினானா, அடித்தானா, உன் குடும்பத்து ஆளா என்று வரிசையாகக் கேட்டார். முதல் கேள்விக்கு ஆமாம், மற்றதற்கெல்லாம் இல்லை என்று சொல்லச் சொல்ல அவருக்கு நிம்மதி கூடிக்கொண்டே போனது. எனக்கு எரிந்தது. கடைசியில், உன் நாடு கேட்டால்தான் நாங்கள் எதுவும் செய்ய முடியும் என்றார். என் நாடா? இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கி, கையை உயர்த்தி உறுதிமொழி சொல்லி, கேக் வெட்டி, ஒரு செடியும் பரிசாக வாங்கி வந்தவள் நான். சென்னையில் நைனா மனுவோடு அலைந்த இடத்தில் வேறு மாதிரிச் சொன்னார்கள். உங்கள் மகள் இப்போது வெளிநாட்டுக்காரி, அவர் பார்த்ததாகச் சொன்னால் போதாது, அவன் அங்கே இருப்பதற்கு ஆதாரம் வேண்டும்.

நைனா இன்னும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் போகிறார். ஆள் வரமாட்டான் என்று தெரியும். இருந்தாலும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் வராந்தாவில் நிற்பார். போன வியாழக்கிழமை வாய்தா. அங்கே காலை என்றால் இங்கே மாலை. ஆதாரம்தானே வேண்டும் என்று நான் பூங்காவுக்குப் போனேன். வக்கீல் படிப்படியாகச் சொல்லியிருந்தார்: கொஞ்சம் தள்ளி நின்று படம் எடு, சத்தம் போடாதே, அவன் பயந்து வேறு ஊருக்குப் போய்விட்டால் எல்லாம் பாழ். தலையாட்டியிருந்தேன்.

அவன் பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். நைனாவுக்கு வீடியோ கால் போட்டேன். கேமராவை அவன் பக்கம் திருப்பினேன்.

"தெரியுதா நைனா?"

"அவன்தான்," என்றார் நைனா. வருஷக்கணக்கில் கோர்ட்டில் அவர் பார்த்தது அந்த முதுகைத்தான். "நல்லாத்தான் கீறான்."

அப்போது நைனாவுக்குப் பின்னால் கோர்ட்டு டவாலி வெளியே வந்து கூப்பிட ஆரம்பித்தார். அவனுடைய பெயர், அப்பா பெயர், மறுபடியும் பெயர். அந்தக் குரல் கோர்ட்டு வராந்தாவுக்கென்றே ஆனது. என் ஃபோனின் சின்ன ஓட்டை வழியாக அது பூங்கா முழுக்கக் கேட்டது. நான் சத்தத்தைக் குறைக்கத் தடவினேன். பொத்தான் அகப்படவில்லை.

பெஞ்சில் இருந்தவன் தன் பெயரைக் கேட்டுத் திரும்பினான். பாதி எழுந்தும் நின்றான், கோர்ட்டில் எழுந்து நிற்பது போலவே. பிறகுதான் என்னைப் பார்த்தான், என் கையில் இருந்த ஃபோனைப் பார்த்தான். முதல் முறையாக, யார் என்று தெரிந்து எங்கள் குடும்பத்தில் ஒருத்தியின் முகத்தை நேராகப் பார்த்தான்.

வக்கீல் சொன்னது எல்லாம் பறந்துவிட்டது. "இருக்கான்! இங்க இருக்கான்! என் எதிர்லதான் நிக்கிறான்!" என்று கத்தினேன். பந்து விளையாடிக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். அவன் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு வேகமாக வாசல் பக்கம் நடந்தான். நான் பின்னாலேயே போனேன், கத்திக்கொண்டே. ஒரு பெண் என் தோளைத் தொட்டு, அந்தக் குழந்தையைப் பயமுறுத்தாதே என்றாள்.

ஃபோனில் டவாலியின் முகம் பக்கத்தில் தெரிந்தது. "யாரும்மா நீ? எங்கருந்து பேசற? கோர்ட்டு நடந்துகினு கீதுல்ல, ஆஃப் பண்ணு பெரியவரே."

நைனா ஆஃப் பண்ணவில்லை. ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திரை இருட்டாகிவிட்டது. அந்த இருட்டுக்குள் இருந்து அவருடைய மூச்சுச் சத்தமும், அடுத்த வழக்கின் பெயரைக் கூப்பிடுவதும் கேட்டது. இங்கே அவன் தெருவைக் கடந்து போய்விட்டான். நான் அந்த ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, மெல்பர்ன் நடைபாதையில், "இருக்கான் ஐயா, இருக்கான்" என்று நைனாவின் சட்டைப் பைக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன்.